ஒரு டிஸ்ட்ரோ முழுவதையும் புதிய கம்பைலருக்கு மாற்றுவது எப்படி: ஒருங்கிணைப்பாளருக்கான முழுமையான வழிகாட்டி

நிரலைக் கணினி ஓட்டக்கூடிய பைனரியாக மாற்றும் ஜிசிசி (GCC) கம்பைலரின் புதிய பெரும்பதிப்பு ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வெளியாகிறது. தனி ஒருவருக்கு இது சின்ன விஷயம். நிறுவுவார், தன் நிரலை மறுபடி கம்பைல் செய்து பார்ப்பார், பிழை வந்தால் திருத்துவார். ஆயிரக்கணக்கான நிரல்களைப் பேக்கேஜ்களாக்கிச் சுமக்கும் லினக்ஸ் டிஸ்ட்ரோவின், அதாவது முழு இயங்குதளத் தொகுப்பின், நிலை வேறு. யாரோ எழுதி, வேறு யாரோ பராமரித்து, பல சமயம் இருவருமே இப்போது கண்டுகொள்ளாத நிரல்கள்கூட ஒரே நாளில் புதிய விதிகளுக்குள் வந்தாக வேண்டும்.

அந்த மாற்றத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். உதாரணங்களை ஜிசிசியிலிருந்து எடுத்திருக்கிறேன். கிளாங் போன்ற வேறு கம்பைலருக்கும் முறை இதேதான். எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே எண்ணம் ஓடுகிறது: இயல்பு கம்பைலர் எது என்று சொல்லும் அந்த ஒற்றை வரியை மாற்றுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். அந்த வரியை மாற்றும் நாளில் உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியவரக் கூடாது.

படி 1: என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் ஜிசிசி குழு ஒரு போர்ட்டிங் கையேடு, அதாவது பழைய நிரல்களைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவரும் கையேடு, வெளியிடுகிறது. அதை முழுவதும் படித்த பிறகே திட்டம் போடுங்கள். படிக்கும்போது ஒவ்வொரு மாற்றத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். இது கம்பைல் ஆவதைத் தடுக்குமா? லிங்க் ஆவதை, அதாவது கம்பைல் ஆன துண்டுகள் ஒன்றாக இணைவதைத் தடுக்குமா? ஏற்கெனவே பில்ட் ஆன பைனரிகளோடு ஒத்துப்போகாமல் போகுமா? இல்லை, எல்லாம் சரியாக முடிந்து, ஓடும்போது மட்டும் தவறுமா? வேலை எவ்வளவு என்பது பதிப்பு எண்ணைப் பார்த்தால் தெரியாது, இந்தப் பதில்களைப் பார்த்தால்தான் தெரியும்.

கடந்த சில பதிப்புகளைப் பார்த்தாலே எவ்வளவு வித்தியாசம் என்று புரியும். 2015இல் வந்த ஜிசிசி 5, சி++ நிலையான லைப்ரரியின் ஸ்ட்ரிங், லிஸ்ட் வகைகளின் உள்ளமைப்பை மாற்றியது. அதனால் பைனரி இடைமுகம், அதாவது ஏபிஐ (ABI), உடைந்தது. 2016இன் ஜிசிசி 6 சி++14ஐ இயல்பாக்கியது. கூடவே, 'திஸ்' பாயிண்டர் ஒருபோதும் வெறுமையாக இருக்காது என்று வைத்துக்கொண்டு அதற்கான சோதனைகளை நீக்கத் தொடங்கியது. அந்தச் சோதனையை நம்பி எழுதப்பட்டிருந்த நிரல்கள் ஒரு பிழையும் இல்லாமல் பில்ட் ஆகி, ஓடும்போது விழுந்தன.

2020இன் ஜிசிசி 10 'எஃப்-நோ-காமன்' கொடியை, அதாவது கம்பைலருக்குக் கொடுக்கும் ஒரு விருப்பத்தை, இயல்பாக்கியது. 'எக்ஸ்டர்ன்' போடாமல் ஹெடரில் (பல நிரல் கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோப்பில்) எழுதப்பட்ட குளோபல் மாறிகள் லிங்க் நேரத்தில் ஒன்றோடொன்று மோதின. 2021இன் ஜிசிசி 11 சி++17க்குப் போனது. 2024இன் ஜிசிசி 14, சி மொழியில் நெடுங்காலமாக வெறும் எச்சரிக்கையாக இருந்தவற்றைப் பிழையாக்கியது. அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது, வகை சொல்லாமல் விடுவது, பாயிண்டரையும் முழு எண்ணையும் கலப்பது எல்லாம் இதில் அடக்கம். 2025இன் ஜிசிசி 15 சி23ஐ இயல்பாக்கியது. 'பூல்', 'ட்ரூ', 'ஃபால்ஸ்' மூன்றும் மொழியின் சொந்தச் சொற்களாகின. ஃபங்ஷன் பெயருக்குப் பின் வரும் காலி அடைப்புக்குறிக்கு 'எதை வேண்டுமானாலும் அனுப்பலாம்' என்று இருந்த பொருள் போய், 'எதையும் அனுப்பக் கூடாது' என்றானது. பழைய சி நிரல்களில் இது தொடாத இடம் குறைவு.

சி, சி++ தாண்டியும் ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட்ரான் மாட்யூல் கோப்புகள் கம்பைலர் பதிப்போடு கட்டுண்டவை. அடா மொழியின் ரன்டைம் லைப்ரரி (நிரல் ஓடும்போது தேவைப்படுவது) பெரும்பதிப்புக்குப் பெரும்பதிப்பு மாறும். ஜிசிசி பிளகின்கள் தங்களை பில்ட் செய்த அதே பதிப்பில்தான் ஏறும். லிங்க் நேரத்தில் நிரலை மேம்படுத்தும் எல்டிஓ முறையில் பில்ட் ஆன ஸ்டாட்டிக் லைப்ரரிகளில் இடைநிலை பைட்கோட் மட்டும் இருந்தால், அடுத்த பதிப்பு கம்பைலர் அதைப் படிக்க மறுத்துவிடும். எண்ணிக்கையில் இந்தப் பேக்கேஜ்கள் குறைவுதான். ஆனால் இவற்றை மாற்ற நாளன்றே, சரியான வரிசையில் மறுபில்ட் செய்தாக வேண்டும். இப்போதே தனியாகக் குறித்துவையுங்கள்.

படி 2: நாள் குறித்தல்

ஜிசிசியின் வளர்ச்சி கட்டங்களாகப் பிரிந்தது. புதிய வசதிகள் சேரும் முதல் கட்டம் ஏறக்குறைய நவம்பரில் முடிகிறது. ஜனவரி வாக்கில் பின்னடைவுகளை, அதாவது முன்பு சரியாக இருந்து இப்போது உடைந்தவற்றை, மட்டும் சரிசெய்யும் கடைசிக் கட்டம் தொடங்குகிறது. ஃபெடோரா டிஸ்ட்ரோ இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஜனவரியிலேயே முன்வெளியீட்டுக் கம்பைலரை எடுத்து மொத்தப் பேக்கேஜ்களையும் மறுபில்ட் செய்கிறது. 2025 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42இல் ஜிசிசி 15 இருந்தது அதனால்தான். டெபியன் நேர் எதிர். டூல்செயின் உறைநிலை, அதாவது கம்பைலரும் அதோடு சேர்ந்த கருவிகளும் இனி மாறாத கட்டம், அங்கே மற்ற உறைநிலைகளுக்கு முன்பே வந்துவிடும். டெபியன் 13க்கு அது 2025 மார்ச்சில் வந்தது. ஆகஸ்டில் வெளியான அந்த டெபியன் ஜிசிசி 14ஓடுதான் வந்தது.

இரண்டில் எது சரி என்பதை உங்கள் டிஸ்ட்ரோவின் ஆள்பலம் முடிவு செய்யட்டும். முன்வெளியீட்டை எடுத்தால் கம்பைலரின் சொந்த வழுக்களையும் நீங்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிவரும். அதற்கு ஜிசிசியின் உள்ளே பழகியவர்கள் உங்கள் குழுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் திருத்த வெளியீடு வரும்வரை காத்திருப்பது நல்லது.

எந்த வழியானாலும் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உங்கள் உறைநிலைக்குக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் முன்பாவது மாற்றம் முடிந்திருக்க வேண்டும். அப்புறம், ஜிலிப்சி (சி லைப்ரரி), பைத்தான், பூஸ்ட் (சி++ லைப்ரரித் தொகுப்பு) போன்ற வேறொரு பெரிய மாற்றத்தை அதே வாரத்தில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஒரு பேக்கேஜ் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும்.

படி 3: இரு பதிப்புகளும் ஒரே நேரத்தில் கிடைக்கட்டும்

புதிய கம்பைலர் பழையதை அழித்துக்கொண்டு வரக் கூடாது. எண்ணோடு கூடிய தனிப் பேக்கேஜாக, பழையதற்குப் பக்கத்திலேயே நிறுவும்படி வர வேண்டும். எது இயல்பு என்பதை ஒரு சின்னத் தனிப் பேக்கேஜ் தீர்மானிக்கட்டும். டெபியனில் இந்த வேலையை 'ஜிசிசி-டிஃபால்ட்ஸ்' செய்கிறது. இந்த அமைப்பு உங்களிடம் இல்லை என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யுங்கள். பின்வாங்க வேண்டிய நிலை வந்தால், ஒரு சின்னப் பேக்கேஜைத் திருப்புவதோடு வேலை முடிந்துவிடும்.

ரன்டைம் லைப்ரரிகள் மட்டும் இதற்கு விலக்கு. ஜிசிசியின் சி++ நிலையான லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++, 2004இன் ஜிசிசி 3.4 முதல் அதே எஸ்ஓ எண் (ஒத்துப்போவதைக் காட்டும் லைப்ரரி எண்) 6இல் நிற்கிறது. புதிய ரன்டைம் பழைய பைனரிகளை ஓட்டும். புதிய கம்பைலரில் உருவான பைனரியைப் பழைய ரன்டைம் ஓட்டும் என்று உறுதியில்லை. ஆகவே புதிய ரன்டைமை முன்கூட்டியே, இயல்பு கம்பைலர் பழையதாக இருக்கும்போதே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ரன்டைமால் ஏதாவது உடைகிறதா, கம்பைலரால் உடைகிறதா என்று பிரித்துப் பார்க்கவும் இது உதவும்.

படி 4: சோதனை மறுபில்ட்

பொதுப் பயனர்கள் தொடாத தனிச் சூழலில், இயல்பைப் புதிய பதிப்புக்குத் திருப்பி, மொத்தப் பேக்கேஜ்களையும் பில்ட் செய்யுங்கள். இங்கே நிறையப் பேர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. அதே நாள், அதே பேக்கேஜ் நிலையில், பழைய கம்பைலரைக் கொண்டும் மொத்தத்தையும் ஒருமுறை பில்ட் செய்ய வேண்டும். பழையதில் ஆகி, புதியதில் ஆகாதவை மட்டுமே உங்கள் கணக்கில் சேரும்.

இந்த இரண்டாவது ஓட்டம் கணினி நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றலாம். அது வீண் செலவு இல்லை. எந்த டிஸ்ட்ரோவிலும், எந்த நாளிலும், கம்பைலருக்குச் சம்பந்தமே இல்லாமல் பில்ட் ஆகாத பேக்கேஜ்கள் ஒரு தொகை இருக்கும். சோதனையில் வைத்திருந்த சான்றிதழ் காலாவதியாகியிருக்கும், இணையம் வேண்டும் என்று ஒரு சோதனை அடம்பிடிக்கும், ஒரு லைப்ரரி போன வாரம்தான் மாறியிருக்கும். அவற்றையும் சேர்த்து 'புதிய கம்பைலரில் உடைகிறது' என்று பராமரிப்பாளர்களுக்கு அனுப்பினால், முதல் வாரத்திலேயே அவர்கள் உங்கள் அறிக்கைகளை நம்புவதை விட்டுவிடுவார்கள். அந்த நம்பிக்கை திரும்ப வர ரொம்ப நாளாகும்.

பில்ட் உண்மையிலேயே புதிய கம்பைலரில்தான் நடந்ததா என்பதையும் சரிபாருங்கள். சில பேக்கேஜ்கள் கம்பைலர் பெயரைப் பதிப்பு எண்ணோடு, எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் தங்கள் விதிக்கோப்பில் எழுதிவைத்திருக்கும். அவை சத்தமில்லாமல் பழையதையே எடுத்துக்கொண்டு வெற்றி காட்டும். உருவான பைனரியின் 'காமெண்ட்' பகுதியை ரீட்எல்ஃப் கருவியால் பார்த்தால் எந்த ஜிசிசி என்று தெரியும். இந்தச் சோதனையைத் தானியங்கியாகவே ஓட்டிவிடுங்கள். முன்பு கம்பைல் ஆனதைச் சேமித்து மறுபடி தரும் கம்பைல் கேஷ் ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

எந்த வரிசையில் பில்ட் செய்வது? இரண்டு வழி உண்டு. முதலாவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஏற்கெனவே இருக்கும் லைப்ரரிகளோடு இணைத்து பில்ட் செய்வது. வேகமானது, மூலநிரல் சார்ந்த பெரும்பாலான பிழைகள் இதிலேயே சிக்கிவிடும். இரண்டாவது, சார்புகளின் வரிசைப்படி, புதிதாக உருவான லைப்ரரிகளின் மேலேயே அடுத்தவற்றை பில்ட் செய்துகொண்டே போவது. மெதுவானது. ஆனால் ஏபிஐ சிக்கல்களும் எல்டிஓ ஸ்டாட்டிக் லைப்ரரிச் சிக்கல்களும் இதில் மட்டுமே வெளியே வரும். முதலாவதைச் சீக்கிரமாக, அடிக்கடி ஓட்டுங்கள். இரண்டாவதை, மாற்றத்துக்குச் சில வாரங்கள் முன் ஒருமுறையாவது ஓட்டுங்கள். சார்புகளில் சுழற்சி இருக்கும் இடங்களில், சோதனைகளையும் ஆவணங்களையும் விட்டுவிட்டு ஒரு சுருக்க பில்ட் எடுத்து, பிறகு முழு பில்டுக்கு வரலாம்.

எக்ஸ்86-64இல் மட்டும் ஓட்டிவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆர்ம்-64 லினக்ஸில் 'சார்' வகை குறியற்றது, எக்ஸ்86இல் குறியுள்ளது. எஸ்390எக்ஸ் பெரும்-எண்டியன் முறை, அதாவது எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும். 32-பிட் கணினிகளில் பெரிய சி++ பேக்கேஜ்கள் லிங்க் ஆகும்போது நினைவகம் போதாமல் விழும். கணினி நேரம் குறைவாக இருந்தால், இந்த வகைகளுக்கு அடித்தளப் பேக்கேஜ்களையாவது ஓட்டிவிடுங்கள்.

படி 5: பிழைகளைப் பிரித்தல்

இப்போது உங்களிடம் நூற்றுக்கணக்கான பதிவுக்கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கத் தொடங்காதீர்கள். ஒவ்வொன்றிலும் வரும் முதல் பிழை வரியை மட்டும் ஒரு ஸ்கிரிப்ட்டால் எடுத்து, கோப்புப் பெயர், வரி எண்களை நீக்கி, ஒரே மாதிரியானவற்றைக் குவியலாக்குங்கள். பெரும்பகுதி ஐந்தாறு குவியல்களுக்குள் அடங்கிவிடும். முதல் பிழையைப் பார்ப்பதுதான் முக்கியம். அதற்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

விடுபட்ட ஹெடர் குவியல் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வரும், திருத்துவதும் எளிது. நிலையான லைப்ரரியின் ஹெடர்கள் உள்ளுக்குள் ஒன்றையொன்று சேர்த்துக்கொள்வதை ஜிசிசி குறைத்துக்கொண்டே வருகிறது. 2023இன் ஜிசிசி 13இல் 'யூஇன்ட்32_டி' போன்ற வகைகள் தெரியவில்லை என்று ஏராளமான சி++ நிரல்கள் விழுந்தன. 'சிஎஸ்டிடிஇன்ட்' ஹெடரைச் சேர்த்து ஒரு வரி எழுதினால் போதும். இந்தக் குவியலுக்கான பேட்ச்களை (திருத்தக் கோப்புகளை) நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். பராமரிப்பாளரிடம் விளக்கிச் சொல்வதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்கு ஆகும் நேரம் குறைவு.

'டபிள்யூ-எரர்' குவியல் அடுத்தது. எச்சரிக்கையைப் பிழையாக்கும் இந்தக் கொடி நிரலை எழுதுபவரின் மேசையில் இருக்க வேண்டியது, டிஸ்ட்ரோ பில்டில் அதற்கு இடமில்லை. புதிய பதிப்பு எப்போதும் புதிய எச்சரிக்கைகளோடுதான் வரும். கொடியை நீக்குங்கள். ஆனால் எச்சரிக்கையை ஒருமுறை படித்துவிட்டு நீக்குங்கள், உண்மையான வழு ஒன்றை அது காட்டிக்கொண்டிருக்கலாம்.

மொழித் தரம் சார்ந்தவற்றில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சி23 இயல்பானதும் 'பூல்' என்று சொந்தமாக வகை வைத்திருந்த நிரல் உடையும். 'எஸ்டிடி=ஜிஎன்யூ17' என்ற கொடியைக் கொடுத்தால் உடனே பில்ட் ஆகிவிடும். அது நியாயமான தீர்வுதானா? அப்ஸ்ட்ரீமில், அதாவது நிரலை எழுதி வெளியிடும் மூலத் திட்டத்தில், யாரும் இல்லாத, பத்து ஆண்டாக வெளியீடு காணாத நிரலுக்கு, ஆம், நியாயம்தான். அந்த நிரல் எந்தத் தரத்தில் எழுதப்பட்டதோ அதைச் சொல்வதில் தவறில்லை. உயிரோடு இருக்கும் திட்டத்துக்கு அது கடனைத் தள்ளிப்போடுவது. எந்தத் தற்காலிகக் கொடியானாலும் அந்தப் பேக்கேஜின் விதிக்கோப்பில் மட்டும், காரணத்தோடும் வழு எண்ணோடும் இருக்கட்டும். டிஸ்ட்ரோ முழுமைக்குமான பொதுக் கொடிகளில், பிழைகளை எச்சரிக்கையாகத் தளர்த்தும் 'எஃப்-பெர்மிசிவ்' போன்றவற்றைச் சேர்க்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிச் சேர்த்தால் எந்தப் பேக்கேஜுக்கு அது உண்மையில் தேவை என்ற தகவலே அழிந்துபோகும்.

சோதனைகள் தோற்கும் குவியல் சின்னதாக இருக்கும், நேரத்தை நிறையத் தின்னும். பில்ட் ஆகிவிட்டது, ஆனால் சோதனையில் விடை மாறுகிறது. 2022இன் ஜிசிசி 12 'ஓ2' என்ற மேம்படுத்தல் நிலையிலேயே வெக்டராக்கத்தை (பல தரவுகளை ஒரே கட்டளையில் கையாள்வதை) இயக்கியபோது, நினைவகத்தில் தரவு அமையும் முகவரிச் சீரமைப்பு பற்றி அலட்சியமாக எழுதப்பட்ட நிரல்கள் இப்படி வெளிப்பட்டன. 'கம்பைலர் வழு' என்று முடிவுகட்டும் முன் நிரலில் வரையறையற்ற நடத்தை (விளைவு என்னவென்று மொழி விதி சொல்லாத செயல்) இருக்கிறதா என்று, அதைப் பிடிக்கும் சானிடைசர் கருவிகளை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நிரலில்தான் தவறு இருக்கும். ஒரே நினைவகத்தை வெவ்வேறு வகைகளாகப் படிப்பதை அனுமதிக்கும் 'எஃப்-நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங்' கொடுத்ததும் சோதனை வென்றால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அப்படியும் தெரியவில்லை என்றால், பாதி ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பழைய கம்பைலரிலும் மீதியைப் புதியதிலும் பில்ட் செய்து இணைத்து, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் தவறு எந்தக் கோப்பில் என்று பிடித்துவிடலாம்.

கம்பைலரே 'உள்பிழை' என்று சொல்லி விழுந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை, அது கம்பைலர் வழு. முன்செயலாக்கம் செய்த கோப்பை எடுத்து, சிவைஸ் கருவியால் சில வரிகளாகச் சுருக்கி, ஜிசிசி குழுவுக்கு அனுப்புங்கள். அடுத்த திருத்த வெளியீட்டில் அது சரியாகி வருவதற்கான வாய்ப்பு, நீங்கள் எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

படி 6: பில்ட் ஆகியும் உடைந்தவை

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினாலும் தகும். பில்ட் தோற்றால் உங்களுக்குத் தெரியும். பில்ட் வென்று, உள்ளே ஒரு வசதி காணாமல் போனால் யாருக்கும் தெரியாது, ஒரு பயனர் வந்து புகார் சொல்லும்வரை.

எப்படிக் காணாமல் போகும்? பில்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட்கள் ஒரு சின்ன சி நிரலை எழுதி, கம்பைல் செய்து பார்த்து, அது கம்பைல் ஆனால் 'இந்த வசதி உண்டு' என்றும் ஆகாவிட்டால் 'இல்லை' என்றும் முடிவெடுக்கின்றன. அந்தச் சின்ன நிரல் பழைய பாணியில், தேவையான ஹெடரைச் சேர்க்காமல், 'மெயின்' ஃபங்ஷனுக்கு வகைகூடச் சொல்லாமல் எழுதப்பட்டிருந்தால், ஜிசிசி 13 எச்சரித்துவிட்டு விட்டிருக்கும். ஜிசிசி 14இல் அது பிழை. உடனே ஸ்கிரிப்ட் 'இந்தக் கணினியில் அந்த வசதி இல்லை' என்று நினைத்துக்கொள்ளும், மாற்றுவழியை எடுக்கும், பில்ட் வெற்றி என்று முடியும். நூலிழை ஆதரவோ, பெரிய கோப்பு ஆதரவோ, ஒரு பாதுகாப்பு அம்சமோ சத்தமில்லாமல் அணைந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. படி 4இல் பழையதிலும் புதியதிலும் பில்ட் செய்தீர்கள் அல்லவா? இரண்டிலிருந்தும் உருவான 'கான்ஃபிக்' ஹெடர் கோப்புகளையும் கான்ஃபிகர் பதிவுகளையும் சேமித்து, ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருக்கும் ஒவ்வொரு வரியும் விசாரிக்கப்பட வேண்டியது. கான்ஃபிகர் பதிவுகளில் ஜிசிசி 14 பிழையாக்கிய அந்தக் குறிப்பிட்ட செய்திகளை மட்டும் தேடுவதும் பலன் தரும். இந்த ஆபத்து முன்பே தெரிந்திருந்ததால்தான் ஜென்டூ, ஃபெடோரா போன்றவற்றில் ஜிசிசி 14 வருவதற்கு முன்பே பழைய சி நிரல்களைத் திருத்தும் வேலை பெரிய அளவில் நடந்தது. 2023 மார்ச்சில் வெளியான கிளாங் 16 அறிவிக்காத ஃபங்ஷனை ஏற்கெனவே பிழையாக்கியிருந்தது அதற்கு ஒரு தூண்டுதல். அவர்கள் அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பிய திருத்தங்களின் பலனை எல்லா டிஸ்ட்ரோக்களும் அனுபவிக்கின்றன.

பைனரிகளையும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பேக்கேஜிலும் உள்ள கோப்புப் பட்டியல், அது சார்ந்திருக்கும் லைப்ரரிகள், ஏற்றுமதியாகும் சிம்பல்கள் (மற்ற நிரல்களுக்குத் தெரியும் ஃபங்ஷன், மாறிப் பெயர்கள்), தாக்குதலுக்கு எதிராகக் கடினப்படுத்தும் அம்சங்கள் இந்த நான்கையும் பழையதற்கும் புதியதற்கும் வைத்துப் பாருங்கள். ஒரு லைப்ரரிச் சார்பு மறைந்திருந்தால் வசதி ஒன்று அணைந்திருக்கிறது என்று பொருள். லைப்ரரிகளுக்கு லிபாபிகெய்ல் கருவித்தொகுப்பின் ஏபிஐ-டிஃப் உதவும். சி++ லைப்ரரிகளில் டெம்ப்ளேட்டிலிருந்து உருவான சில சிம்பல்கள் பதிப்புக்குப் பதிப்பு வருவதும் போவதும் சகஜம், அதைக் கண்டு பதற வேண்டாம். பொது ஹெடரில் உள்ள ஃபங்ஷனின் சிம்பல் காணாமல் போனால் மட்டும் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

படி 7: பராமரிப்பாளர்களோடு பேசுதல்

பில்ட் உடையும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு வழு அறிக்கை, எல்லாவற்றையும் கோக்க ஒரு பொதுக் குறிச்சொல்லோ தாய் வழுவோ இருக்கட்டும். அறிக்கையில் முழுப் பதிவுக்கு இணைப்பு, முதல் பிழை வரி, அந்தக் குவியலுக்கு வழக்கமான திருத்தம், பராமரிப்பாளர் தன் கணினியிலேயே பிழையை வரவழைத்துப் பார்க்கத் தேவையான கட்டளை, இயல்பு மாறப்போகும் உத்தேச மாதம் ஆகியவை இருக்க வேண்டும். வார்ப்புரு வைத்து அனுப்பலாம், ஆனால் குவியலுக்கு ஒரு வார்ப்புரு வையுங்கள். 'உங்கள் பேக்கேஜ் உடைகிறது, பாருங்கள்' என்ற ஒரே செய்தி எல்லோருக்கும் போனால் பலர் பார்க்க மாட்டார்கள்.

தீவிரத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். டெபியனில் இந்த வழுக்கள் முதலில் நடுத்தரத் தீவிரத்தோடு பதிவாகின்றன, இயல்பு மாறும் கட்டத்தில் வெளியீட்டைத் தடுக்கும் நிலைக்கு உயர்த்தப்படுகின்றன. எப்போது உயரும் என்று முதல் அறிக்கையிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் அது திடீர் நெருக்கடியாகத் தெரியாது.

பதில் வராத பேக்கேஜ்களை என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிவைத்து அறிவியுங்கள். எத்தனை வாரம் காத்திருப்பீர்கள், அதன் பிறகு வேறொருவர் பேட்ச் போட்டுப் பதிவேற்றலாமா, எப்போது நீக்கத்துக்குப் பரிந்துரைப்பீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வேறு எதுவும் சாராத, அப்ஸ்ட்ரீம் இல்லாத ஒரு பேக்கேஜுக்காக மொத்த மாற்றத்தையும் நிறுத்திவைப்பது மற்ற பராமரிப்பாளர்களுக்குச் செய்யும் அநியாயம். அதே சமயம், சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள் அதிகமுள்ள ஒன்றை, பராமரிப்பாளர் பதில் தரவில்லை என்பதற்காக நீக்கவும் முடியாது. எனவே பட்டியலை உடைந்த பேக்கேஜ்களின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். ஒவ்வொன்றின் பின்னால் எத்தனை பேக்கேஜ்கள் காத்திருக்கின்றன என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள்.

பேட்ச் எழுதியதும் அப்ஸ்ட்ரீமுக்கும் அனுப்பிவிடுங்கள். அனுப்பும் முன், மற்ற டிஸ்ட்ரோக்கள் ஏற்கெனவே திருத்திவிட்டனவா என்று பாருங்கள். எல்லோரும் ஒரே கம்பைலரை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

படி 8: ஏபிஐ உடைந்தால்

ஏபிஐ மாறாத பதிப்பு என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். மாறினால், வேலை பல மடங்கு.

ஜிசிசி 5ஐயே எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரிங் வகையை வாங்கும் ஃபங்ஷன்களின் சிம்பல் பெயர் மாறியது. பழைய லைப்ரரியோடு புதிய நிரலை இணைத்தால் லிங்கர் 'இந்தப் பெயர் இல்லை' என்று சொல்லிவிடும். இது சத்தமாகத் தோற்கும் வகை, நல்லது. ஆனால் ஒரு கிளாஸின் உள்ளே ஸ்ட்ரிங் ஒரு உறுப்பாக இருந்தால்? 64-பிட் கணினியில் பழைய ஸ்ட்ரிங்கின் அளவு 8 பைட், புதியது 32 பைட். கிளாஸின் அளவு மாறிவிட்டது, ஆனால் அந்தக் கிளாஸை வாங்கும் ஃபங்ஷனின் பெயர் மாறவில்லை. லிங்கருக்கு ஒரு குறையும் தெரியாது. ஓடும்போது நினைவகம் சிதையும்.

ஆகவே, பாதிக்கப்படும் ஒவ்வொரு லைப்ரரிப் பேக்கேஜுக்கும் பெயர் மாற வேண்டும். பழையதும் புதியதும் ஒரே பெயரில் இருக்கவே கூடாது. டெபியன் 2015 ஆகஸ்டில் அந்த மாற்றத்தைத் தொடங்கியபோது பேக்கேஜ் பெயர்களின் கடைசியில் 'வி5' என்று சேர்த்தது இதற்குத்தான். பாதிக்கப்படும் லைப்ரரிகளைப் பொது ஹெடர்களையும் சிம்பல்களையும் வைத்துக் கண்டுபிடித்து, சார்பு மட்டங்களாக அடுக்கி, அடியிலிருந்து மேலாக, ஒரு மட்டம் முடிந்த பிறகே அடுத்ததை பில்ட் செய்யுங்கள். எல்லாம் ஒரு பக்கக் கிளையில் நடக்கட்டும். ஃபெடோராவில் சைடு-டேக், ஓபன்சூசேயில் ஸ்டேஜிங், நிக்ஸ்ஓஎஸ்ஸில் ஸ்டேஜிங் கிளை என்று இதற்கான வசதிகள் உண்டு. பயனர்களின் கணினிக்குப் பாதி மாறிய நிலை போய்விடக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். பயனரிடம் மூன்றாம் தரப்பு பைனரிகள் இருக்கும் என்பதையும் மறக்காமல், வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள்.

படி 9: மாற்றும் நாள்

எப்போது தயார்? என் அளவுகோல் இது. அடித்தளப் பேக்கேஜ்கள், கர்னல், நிறுவி, பில்ட் கருவிகள் எல்லா ஆர்கிடெக்சர்களிலும் புதியதில் பில்ட் ஆகி, அவற்றைக் கொண்டு உருவாக்கிய நிறுவல் படம் பூட் ஆகி, மீதமுள்ள ஒவ்வோர் உடைசலுக்கும் ஒரு பேட்சோ நீக்க முடிவோ இருந்தால் தயார். உடைசல் பூஜ்யமாகும் வரை காத்திருந்தால் மாற்றம் நடக்கவே நடக்காது.

வாரத்தின் தொடக்கத்தில் மாற்றுங்கள். பில்ட் சர்வர்களில் வரிசை காலியாக இருக்கட்டும். மாற்றியதும் படி 1இல் குறித்துவைத்த பட்டியலை எடுங்கள். ஜிசிசி பிளகின்கள், ஃபோர்ட்ரான் மாட்யூல்கள், அடா லைப்ரரிகள், எல்டிஓ பைட்கோட் கொண்ட ஸ்டாட்டிக் லைப்ரரிகளை உடனே மறுபில்ட் செய்யுங்கள். கம்பைலரின் பதிப்பு எண்ணோடு கூடிய பாதையை 'டாட்-எல்ஏ' கோப்புகளில் எழுதிவைத்திருக்கும் லிப்டூல் பேக்கேஜ்களும் இந்தப் பட்டியலில் சேரும். பயனரின் கணினியில் கம்பைல் ஆகும் கர்னல் மாட்யூல்களுக்கு, கர்னலும் மாட்யூலும் ஒரே கம்பைலரில் உருவாகும்படி புதிய கர்னல் பில்ட் ஒன்றைச் சேர்த்தே வெளியிடுங்கள்.

மற்றதெல்லாம் தானாக மாறட்டுமா, மொத்தமாக மறுபில்ட் செய்வதா? ஃபெடோரா போல வெளியீட்டுக்கு முன் எல்லாவற்றையும் மறுபில்ட் செய்யக் கணினி வளம் இருந்தால் செய்யுங்கள். பழைய கம்பைலரில் பில்ட் ஆன பேக்கேஜ் ஒன்று, இரண்டு ஆண்டு கழித்து ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்காகத் திறக்கப்படும்போது, அன்றுதான் முதன்முறையாகப் புதிய கம்பைலரைச் சந்திக்கும். அவசரத்தில் இருக்கும் பாதுகாப்புக் குழுவுக்கு அந்த நிலை வரக் கூடாது.

பின்வாங்குவதற்கான நிபந்தனையையும் முன்பே எழுதிவைத்திருங்கள். தவறான விடை தரும் கம்பைலர் வழு ஒன்று அடித்தள லைப்ரரியைத் தொட்டால் திருப்புங்கள். நாற்பது சிறு பேக்கேஜ்கள் உடைந்தால் திருப்ப வேண்டாம், திருத்துங்கள்.

படி 10: பழையதை வெளியேற்றுதல்

புதியது இயல்பானதும் உற்சாகம் வடிந்துவிடும். பழைய கம்பைலர்கள் ஒவ்வொன்றாகத் தங்கிப்போவது இப்படித்தான். எந்தப் பேக்கேஜ் பழைய பதிப்பைப் பெயர்சொல்லிக் கேட்கிறது என்று பட்டியலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் வழு பதிவுசெய்து, நீக்கும் தேதியை அறிவியுங்கள். கர்னலின் பழைய நீண்டகால ஆதரவுக் கிளை, ஜிபியு கருவித்தொகுப்பு போன்ற சில நியாயமான விலக்குகள் இருக்கும். அவற்றுக்கும் ஒரு முடிவுத் தேதி போடுங்கள்.

படி 5இல் சேர்த்த தற்காலிகக் கொடிகளையும் இதே நேரத்தில் எடுத்துப் பாருங்கள். அப்ஸ்ட்ரீம் அதற்குள் திருத்தியிருக்கலாம். கொடியை நீக்கிவிட்டு ஒரு சோதனை மறுபில்ட் ஓட்டினால் எத்தனை இன்னும் தேவை என்று தெரிந்துவிடும். தேவைப்படாதவற்றை நீக்குங்கள். தேவைப்படுபவற்றின் பட்டியலையும், குவியல் பிரிக்கும் ஸ்கிரிப்ட்டையும், ஒப்பீட்டுக் கருவிகளையும், அறிக்கை வார்ப்புருக்களையும் ஒரே களஞ்சியத்தில் போட்டு, அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை எடுக்கப்போகிறவருக்கு எழுதும் அனுமதியோடு கொடுத்துவிடுங்கள்.